பட்டும் பூநாரையும்

மயிலாடுதுறை பட்டமங்கலத் தெருவை ஒட்டிய சந்தில் இருக்கிறது அந்தத் தையற்கடை. தை பாதி தாண்டினால் அங்கே ரவிக்கை வேலை பின்னுக்குப் போய்விடும். 1981 முதல் சிதம்பரத்தில் மகா சிவராத்திரியை ஒட்டி நாட்டியாஞ்சலி நடக்கிறது. சுற்று வட்டாரத்தில் சலங்கை கட்டும் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அந்தக் கடையில்தான் அளவெடுப்பு.

சட்டைக்குக் காஜா எடுக்கக் கொடுத்துவிட்டு, பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். அம்மா, மகள், அப்பாயி என்று மூன்று பேர் உள்ளே வந்தார்கள். மகளுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். பள்ளிச் சீருடை. கையில் நாலாய் மடித்த ஒரு தாள்.

அம்மா பையிலிருந்து அரக்குச் சிவப்புப் பட்டுப்புடவையை எடுத்து மேசைமேல் விரித்தார். டெய்லர் கரையை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

“விசிறிக்கு இந்த முந்தானை எடுப்பா நிக்கும். மேலாக்குக்கும் கரை சரியா வரும். வெட்டிடலாமாம்மா?”

“இருங்கண்ணே.”

அம்மா மகளைப் பார்த்தார். மகள் தாளைப் பார்த்தாள். பள்ளியில் கோடியக்கரைக்குச் சுற்றுலா. விடியற்காலை பஸ் ஏறினால் இரவுதான் திரும்புவார்கள். சிதம்பரத்தில் இவளுடைய குழு புஷ்பாஞ்சலி ஆடுவதும் அதே சனிக்கிழமை மாலைதான்.

“இதுல யோசிக்க என்னடி இருக்கு?” என்றார் அப்பாயி. “ஆறு கெஜப் பட்டு. உங்கம்மா கல்யாணத்துக்கு எடுத்தது. அதை வெட்டக் கொடுக்கிறா. நீ மானைப் பாக்கப் போறேங்கிறே.”

“மான் மட்டும் இல்ல அப்பாயி. பூநாரை. மாசி போனா அதெல்லாம் கிளம்பிடும்னு மிஸ் சொன்னாங்க.”

மிஸ் சொன்னது சரிதான். ஐப்பசி, கார்த்திகை வாக்கில் கோடியக்கரைச் சேற்றுநிலத்துக்கு வந்து இறங்கும் பறவைகள், வெயில் ஏற ஏறக் கலைந்துவிடும். வெளிமான் ஆண்டு முழுவதும் இருக்கும், பூநாரை இருக்காது. சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன்.

“கோபுரத்துல நூத்தியெட்டுக் கரணமும் செதுக்கி வெச்சிருக்கிற ஊரு பாப்பா, அங்க ஆடக் குடுத்து வெக்கணும்” என்று டெய்லர் தன் பங்குக்குச் சொன்னார்.

மகளின் கண் கலங்கியது. அம்மா கத்திரியை எடுத்து டெய்லர் பக்கம் நகர்த்தினார்.

“நீங்க வெட்டுங்கண்ணே. இந்தத் தடவை ஆடினாலும் ஆடாட்டியும் அவளுக்கு டிரஸ் வேணும். புடவைக்காக யாரும் ஆட வேண்டாம்.”

அப்பாயி வாயைத் திறந்து, திரும்ப மூடிக்கொண்டார். சாக்கட்டியால் கோடு விழுந்தது. கத்திரி பட்டுக்குள் இறங்கியது.

அம்மா பெஞ்சில் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். எது வேண்டும் என்று கேட்கவில்லை. “நேத்து கிளாஸ்ல என்ன நடந்துச்சு?” என்று கேட்டார்.

பதிலே இல்லை. தையல் மிஷின் ஓடி நின்றது. அம்மா இன்னொரு தரம் கேட்கவும் இல்லை, அவளை விட்டு எழுந்திருக்கவும் இல்லை.

“மண்டியடவுல விழுந்துட்டேன்” என்றாள் கடைசியில். “எல்லாரும் சிரிச்சாங்க. டீச்சர் என்னைப் பின் வரிசைக்கு மாத்திட்டாங்க. மேடையிலயும் விழுந்துட்டா?”

“அதான் கோடியக்கரையா?”

“இல்லம்மா, பூநாரையும் நெஜமாவே பாக்கணும்.”

“சரி, ரெண்டும் நெஜம். பயமில்லேன்னா எதுக்குப் போவே?”

அவள் நகத்தைக் கடித்தாள். அப்பாயிக்குப் பொறுக்கவில்லை. “ஆடு கண்ணு. லீவுல அம்மா உன்னைக் கோடியக்கரைக்குக் கூட்டிட்டுப் போவா.”

“அப்படிச் சொல்லாதீங்க அத்தை” என்றார் அம்மா. “நான் வேலை பாக்கிற கடையில லீவு குடுப்பாங்களான்னு தெரியாது. குடுக்கும்போது பறவை இருக்குமான்னும் தெரியாது. ஆடினா இந்த வருஷம் பூநாரை இல்ல, போனா இந்த வருஷம் மேடை இல்ல. அது தெரிஞ்சே அவ சொல்லட்டும்.” மகள் பக்கம் திரும்பினார். “இன்னும் அஞ்சு பேரு உன்கூட ஆடறாங்க. போறதுன்னா இன்னிக்கே சொல்லிட்டா வரிசையை மாத்திக்குவாங்க. முந்தின நாள் சொன்னா அவங்களுக்குக் கஷ்டம். எதுவானாலும் டீச்சர்கிட்ட நீதான் சொல்லணும். நான் பக்கத்துல இருப்பேன்.”

டெய்லர் டேப்போடு வந்தார். தோள், இடுப்பு, இடுப்பிலிருந்து கணுக்கால். அரைமண்டியில் உட்காரச் சொல்லி ஓர் அளவு எடுத்தார். அவள் முழங்காலை விரித்து உட்கார்ந்தாள். முதுகு நிமிர்ந்தே இருந்தது. அளவெடுத்து முடிந்த பிறகும் அப்படியே இருந்தாள்.

“அம்மா, போன் குடு.”

அம்மாவே எண்ணைப் போட்டுக் கொடுத்தார். நாங்கள் எல்லோரும் எங்கெங்கோ பார்ப்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தோம்.

“டீச்சர், நான்தான். மண்டியடவை மட்டும் எனக்குத் தனியா ஒரு தரம் சொல்லித் தருவீங்களா? நாளைக்குச் சீக்கிரமே வந்துடறேன்.”

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சுற்றுலாத் தாளைப் புத்தகப்பைக்குள் வைத்தாள். கிழிக்கவில்லை. கொஞ்சம் அழுதாள். அம்மா அதையும் தடுக்கவில்லை. அப்பாயி தன் முந்தானையை எடுத்துக் கொடுத்தார்.

பிள்ளைக்கு என்ன வேண்டும் என்பது அந்தக் கடையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது, என்னையும் சேர்த்து. அவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவர் அம்மா ஒருவர்தான்.