ரிக்ஷா ஓட்டியவர் பொருள் கேட்ட சொல்

சென்னையிலிருந்து ஹௌராவிற்கு இருப்புப்பாதை வழியே ஏறத்தாழ 1,660 கிலோமீட்டர். கிருஷ்ணா, கோதாவரி, மகாநதி என்னும் பேராறுகளைக் கடந்து வங்கத்தின் பசுஞ்சமவெளியை அடையும் தமிழர் பலரும் ஒரே பட்டியலோடுதான் கொல்கத்தாவில் இறங்குவர். காளிகட்டம், தட்சிணேசுவரம், பேலூர் மடம், விக்டோரியா நினைவு மண்டபம், ஹௌராப் பாலம் ஆகியவற்றைக் கண்டு, இரசகுல்லா வாங்கிக்கொண்டு ஊர் திரும்புவர். இவை யாவும் காணத்தக்கனவே. ஆயினும், பிறந்த ஊர்விட்டுப் பெயர்ந்து வாழும் நம்மனோர் காணவேண்டிய இடம் வேறொன்றும் அந்நகரின் தென்பகுதியில் உண்டு. வழிகாட்டி நூல்கள் அதனைக் குறிப்பதில்லை. ஜாதவ்பூரை அடுத்த பிஜய்கர் என்னும் குடியிருப்பிலுள்ள ஒரு கல்லூரியின் வாயிலே அது. அங்கே 1980-ஆம் ஆண்டையொட்டி, ரிக்ஷா ஓட்டிப் பிழைத்த ஒருவர், தம் வண்டியில் ஏறிய அம்மையாரிடம் ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டார். அவர் வாழ்வு அவ்வினாவால் திசை மாறிற்று.

எழுத்தின் நகரம்

அவ்வாயிலுக்குச் செல்லுமுன் கல்லூரித் தெருவில் சிறிது நேரம் நடப்பது நன்று. 1857-இல் நிறுவப்பெற்ற கல்கத்தாப் பல்கலைக்கழகமும், 1817-இல் இந்துக் கல்லூரியாகத் தொடங்கிய பிரசிடென்சியும் அத்தெருவில்தான் உள்ளன. நடைபாதை நெடுகிலும் மரப்பெட்டிகளாலும் தகரங்களாலும் அமைந்த பழைய புத்தகக் கடைகள். மருத்துவ நூலுக்கு மேல் நாவலும், நாவலுக்கு மேல் சட்ட நூலும் அடுக்கப்பெற்றிருக்கும். அருகிலுள்ள காப்பி நிலையத்தில் மாணவரும் புலவரும் ஒரு கோப்பையை முன்வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் வாதிடுவர்.

இவ்வளவு கல்விச் செருக்குடைய நகரத்தைக் காணும்போது, எழுத்தென்பது கற்றவர்க்கே உரியது என்று எண்ணத் தோன்றும். வங்க மொழியின் வரலாறு அவ்வாறு கூறவில்லை. அம்மொழியின் முதல் முழுத் தன்வரலாறு எனக் கருதப்பெறுவது, 1876-இல் வெளிவந்த ‘ஆமார் ஜீபன்’. அதனை எழுதிய ராசசுந்தரி தேவி பள்ளி சென்று கற்றவரல்லர். பெண் படித்தால் கைம்மை வரும் என்று அஞ்சிய காலத்தில், பெரிய குடும்பத்தின் சமையலறையில், நூலிலிருந்து கழற்றிய ஓர் ஏட்டையும் மகன் எழுதிப் பழகிய ஓலையையும் ஒளித்துவைத்து ஒப்பிட்டு ஒப்பிட்டு, எவரும் அறியாமல் எழுத்தறிந்தவர் அவர். தம் வாழ்வை எழுதியபோதுதான், நாள் முழுதும் பிறர்க்கு உணவிட்டுத் தாம் உண்ண மறந்த நாட்களைக் கடக்கத் தம்மிடம் எத்தகைய உரம் இருந்தது என்பதை அவரே காண நேர்ந்தது. பிஜய்கர் வாயிலில் நிகழ்ந்ததும் இம்மரபைச் சார்ந்ததே.

பெயர்ந்தோர் எழுப்பிய தென்கொல்கத்தா

தென்கொல்கத்தா நமக்கு அயலூர் போலத் தோன்றாது. இராசபிகாரி அவென்யூவை ஒட்டிய லேக் மார்க்கெட்டில் மல்லிகைச் சரமும் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் வாழையிலையும் கிடைக்கும். அலுவல் தேடி வந்த தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அப்பகுதியில் வாழ்ந்து வருகின்றன. புதுக்கோட்டையில் பிறந்து கொல்கத்தாவில் நெடுங்காலம் வாழ்ந்த சு. கிருஷ்ணமூர்த்தி, வங்க நூல்கள் பலவற்றைத் தமிழுக்குத் தந்தார். அதீன் பந்த்யோபாத்யாயரின் ‘நீலகண்டப் பறவையைத் தேடி’ என்னும் நாவலை அவர் மொழிபெயர்ப்பில் படித்தோர், கிழக்கு வங்கத்து மக்கள் எதனை இழந்து இந்நகர் வந்தனர் என்பதை அறிவர்.

சியால்தாவில் புறநகர் வண்டியேறி, பார்க் சர்க்கஸ், பாலிகஞ்ச், டாக்குரியா ஆகிய நிலையங்களைக் கடந்தால் ஜாதவ்பூர் வரும். 1947-இல் நாடு பிரிந்தபின் அந்தச் சியால்தா நிலையத்தின் நடைமேடைகளே பல்லாயிரம் அகதிகளுக்கு முதல் வீடாயின. இரண்டாம் உலகப்போருக்குப்பின் கைவிடப்பெற்ற படைவீரர் கொட்டகைகள் இருந்த இடத்தில் அகதிகள் தாமே குடியேறி உருவாக்கிய தொடக்கக் குடியிருப்புகளுள் ஒன்று பிஜய்கர். இன்று மாடி வீடுகளும் மருந்துக் கடைகளும் நிறைந்த குறுந்தெருக்களைக் காண்போர்க்கு, கைப்பொருள் இழந்தோர் மூங்கில் நட்டு எழுப்பிய ஊர் இது என்பது எளிதில் புலப்படாது. அவ்வூரின் ஜோதிஷ் ராய் கல்லூரியில் 1964 முதல் ஆங்கில ஆசிரியையாகப் பணியாற்றியவர் மகாசுவேதா தேவி. பின்னாளில், 1996-இல் ஞானபீடப் பரிசும் 1997-இல் மகசேசே விருதும் பெற்ற எழுத்தாளர் இவரே.

ஜிஜீவிஷா

ரிக்ஷா ஓட்டியவர் மனோரஞ்சன் பியாபாரி. கிழக்கு வங்கத்துப் பாரிசால் பகுதியில், ஒடுக்கப்பட்ட நாமசூத்திர வகுப்பில் பிறந்தவர். குழந்தைப் பருவத்திலேயே பெற்றோருடன் அகதியாக வந்து முகாமில் வளர்ந்தார். பள்ளி கிட்டவில்லை. இளமையிலேயே வீட்டைவிட்டு ஓடித் தேநீர்க் கடைகளில் பணிசெய்து ஊரூராய் அலைந்தார். 1970-களின் அரசியற் கொந்தளிப்பில் சிறைப்பட்டார். இருபது வயதைக் கடந்தபின், சிறைமுற்றத்து மண்ணில் குச்சியால் கீறி, உடனிருந்த கைதி ஒருவரிடம் வங்க எழுத்துகளைக் கற்றார். விடுதலைக்குப்பின் ஜாதவ்பூரில் ரிக்ஷா ஓட்டிக்கொண்டே, சவாரி இல்லாத நேரமெல்லாம் படித்தார்.

அவ்வாறு படிக்கையில் ‘ஜிஜீவிஷா’ என்னும் சொல் அவரைத் தடுத்தது. வடமொழியிலிருந்து வங்கத்திற்கு வந்த அருஞ்சொல் அது. ஆசிரியை போலத் தோன்றிய அம்மையார் வண்டியில் ஏறவே, அவரிடம் பொருள் வினவினார். உயிர்வாழ வேண்டும் என்னும் வேட்கை என்று விடை வந்தது. இச்சொல்லை எங்கே கண்டாய் என்று அம்மையார் வியந்து கேட்க, பேச்சு வளர்ந்தது. ரிக்ஷா ஓட்டுவோர் வாழ்வைப் பற்றித் தம் இதழுக்கு எழுதித் தரும்படி கூறி, முகவரி எழுதிக் கொடுத்தார் அம்மையார். அதன்பின்னரே, தாம் விரும்பிப் படித்த மகாசுவேதா தேவிதான் அவர் என்பது பியாபாரிக்குத் தெரிந்தது.

அவ்விதழின் பெயர் ‘பர்த்திகா’. மகாசுவேதா தேவியின் தந்தை மணீஷ் கட்டக் நடத்தி வந்தது. 1979-இல் அவர் மறைந்தபின், உழவர், ஆலைத் தொழிலாளர், பழங்குடியினர் ஆகியோர் தம் வாழ்வைத் தாமே எழுதும் மேடையாக மகள் அதனை மாற்றினார். பியாபாரியிடம் அவர் கவிதை கேட்கவில்லை. கற்பனைக் கதையும் கேட்கவில்லை. நாள்தோறும் செய்யும் தொழிலைப் பற்றியே கேட்டார். ‘நான் ரிக்ஷா ஓட்டுகிறேன்’ என்னும் பொருள்படும் தலைப்புடன் 1981-இல் அக்கட்டுரை வெளிவந்தது.

இதன் நுட்பத்தை நாம் ஊன்றி நோக்கவேண்டும். “உன் ஆற்றல் யாது?” என்று அன்று ஒருவர் பியாபாரியை வினவியிருந்தால் அவர் என்ன கூறியிருப்பார்? படிப்பில்லாதவன், சிறை சென்றவன் என்றே கூறியிருக்கக்கூடும். “நீ செய்வதைச் சொல்” என்று கேட்டபோதோ, பசியைத் தாங்கியதும், வழியறிந்ததும், மனிதரை எடைபோட்டதும், நெருக்கடியில் முடிவெடுத்ததும் வரிசையாக எழுத்தில் வந்து நின்றன. ஜிஜீவிஷா என்னும் சொல்லைத்தான் அவர் அன்று புதிதாக அறிந்தார். அதன் பொருளை முப்பது ஆண்டுகளாக வாழ்ந்து வந்திருந்தார்.

எழுதியபின்

கட்டுரை ஒன்று அச்சேறியதால் வறுமை மறைந்துவிட்டது என்று எவரும் கருதற்க. அதன் பின்னரும் அவர் உடலுழைத்தே உண்டார். காது கேளாத பிள்ளைகள் தங்கிப் பயிலும் முகுந்தபூர்ப் பள்ளி ஒன்றில் பல்லாண்டுகள் சமையற்காரராக இருந்தார். பெருங்கலங்களில் சோறு வடித்த கையே இரவில் நாவல்களை எழுதிற்று. அவருடைய தன்வரலாற்றின் ஆங்கில வடிவம், 2018-ஆம் ஆண்டிற்கான ‘தி இந்து’ இலக்கியப் பரிசைப் பெற்றது. 2020-இல் மேற்கு வங்கத் தலித் சாகித்திய அகாதமியின் தலைவரானார். 2021-இல் ஹூக்ளி மாவட்டத்துப் பலாகர் தொகுதியிலிருந்து சட்டமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். முதற் கட்டுரைக்கும் இந்நிலைக்கும் இடையே நாற்பது ஆண்டுகள் சென்றன என்பதை மறத்தலாகாது.

நம் தமிழிலும் இதற்குச் சான்றுண்டு. துறவுமடத்திலிருந்து வெளியேறி, கையில் பணியும் இன்றி நின்ற காலத்தில், பாமா தம் ஊர் வாழ்வை ஊர்ப்பேச்சிலேயே எழுதினார். 1992-இல் ‘கருக்கு’ என்னும் பெயரில் அது நூலாயிற்று. தாழ்ந்தது என்று பிறர் தள்ளிய பேச்சே அந்நூலின் வலிமை ஆயிற்று.

அறிவியலாரும் இதனை ஆராய்ந்துள்ளனர். அமெரிக்க உளவியலறிஞர் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் அவர்தம் மாணவியும் 1986-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கல்லூரி மாணவர் சிலர் நான்கு நாட்கள், நாளுக்கு 15 நிமிடம், தம் வாழ்வின் துன்ப நிகழ்ச்சிகளை எழுதினர். நிகழ்ந்ததோடு உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள், பின்வந்த மாதங்களில் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்திற்குச் சென்றது குறைந்தது. ஆயின், எழுதி முடித்த அன்று அவர்கள் மனம் சோர்வுற்றே இருந்தது. இப்பயன் எல்லார்க்கும் ஒரே அளவில் கிட்டுவதில்லை என்றும், சராசரியாகப் பார்த்தால் சிறிதே என்றும் பின்வந்த ஆய்வுகள் காட்டின. ஆகவே, ஆறாத புண்ணை எழுதச் சொல்லி எவரையும் வற்புறுத்துதல் கூடாது. தாமே சொல்ல முன்வருவோரைக் கேட்பதே முறை.

நம் வீடுகளில்

நம் குடும்பங்களின் நிலை யாது? ஒரு பெட்டியோடு மொழி தெரியாத நகரில் இறங்கிய முதல் தலைமுறையினர் இன்று முதியோராய் உள்ளனர். வாடகைக்கு வீடு கிடைத்த விதம், முதல் சம்பளத்தில் ஊருக்கு அனுப்பிய தொகை, கடைக்காரரிடம் கைச்சைகையால் பருப்பு வாங்கிய நாள் ஆகியவை அவர்கள் நினைவில் மட்டுமே உள்ளன. பேரக்குழந்தைகளோ வந்தபின் கிட்டிய வீட்டையும் வாகனத்தையும் காண்கின்றனர். வருவதற்கு வேண்டியிருந்த நெஞ்சுரத்தைக் காண்பதில்லை. சொல்லாமல் அம்முதியோர் மறைவாராயின், அக்குடும்பம் தன் உண்மையான முதலை இழந்ததாகும்.

மகாசுவேதா தேவி கேட்ட முறையிலேயே நாமும் கேட்போம். “தாத்தா, உங்கள் வாழ்க்கை வரலாற்றைச் சொல்லுங்கள்” என்றால், “என்னிடம் சொல்ல என்ன இருக்கிறது?” என்பார். “இந்த ஊருக்கு வந்த முதல் நாள் எங்கே படுத்தீர்கள்? யார் சோறு போட்டார்கள்?” என்று கேட்டால் மாலைப்பொழுது போதாது. “ஆச்சி, ஊரை நினைத்து அழுத நாளில் யாரிடம் சென்றீர்கள்?” என்று பெண்மக்கள் கேட்கட்டும். பிள்ளைகள் அதனைத் தமிழில், சொன்னவர் சொன்ன சொல்லிலேயே, ஒரு குறிப்பேட்டில் எழுதட்டும். பிழை திருத்தம் பின்னர் ஆகலாம்.

பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். பள்ளியில் தனித்து நிற்பதாக எண்ணும் சிறுவனிடம் அவன் திறமைகளைப் பட்டியலிடச் சொன்னால் திகைப்பான். வீட்டில் ஒரு மொழி, வகுப்பில் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழியென ஒரு நாளில் எத்தனை முறை மாறினாய், எங்கே தடுமாறினாய், எவ்வாறு சமாளித்தாய் என்று எழுதச் சொன்னால், தன் ஆற்றலைத் தன் கையெழுத்திலேயே படித்துக்கொள்வான்.

கொல்கத்தா செல்லும் அன்பர்கள் ஒரு முற்பகலை ஜாதவ்பூருக்கென ஒதுக்குக. செல்ல இயலாதவர் இம்மாதமே ஒரு குறிப்பேடு வாங்குக. வீட்டு முதியவர் அருகில் அமர்ந்து முதல் நாளின் கதையைக் கேட்டு, இரண்டு பக்கமேனும் எழுதுக. எழுதியதைச் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் பிள்ளைகளே எழுந்து நின்று படிக்கட்டும். கேட்க நாம் அனைவரும் இருப்போம்.