அம்மாவின் பழைய இனிஷல்

எங்களில் ஒருத்தியின் அம்மா எண்பதுகளில் பள்ளிக்கூட மலர் ஒன்றில் கட்டுரை எழுதினவர். அந்த மலர் இடம்பெயர்ந்த இடமெல்லாம் கூடவே வந்து, 2009இல் மாத்தளனில் பையோடு போய்விட்டது. "இப்ப எல்லாம் இணையத்தில கிடக்குதாமே பிள்ளையள், ஒருக்கா தேடிப் பாருங்கோவன்" என்றார்.

2005இல் தொடங்கின நூலகம் தளத்துக்குப் போய், அன்ரியின் பெயரை அடித்தோம். ஒன்றும் இல்லை. கட்டுரையில் அவருக்கு ஞாபகம் இருந்த ஒரு வசனத்தை அடித்தோம். அதுவும் இல்லை.

இரண்டு நாள் கழித்துத்தான் எங்களுக்கு உறைத்தது. அங்கே இருப்பவற்றில் பெரும்பாலானவை ஸ்கான் செய்த பக்கங்கள், அதாவது படங்கள். நாங்கள் அடிக்கிற சொல்லை அந்தத் தேடுபெட்டி படத்துக்குள் போய்த் தேடாது. தலைப்பு, ஆசிரியர், ஆண்டு என்று ஆக்கள் இருந்து தட்டச்சிட்ட விபரத்தில்தான் தேடும். சஞ்சிகை, மலர் என்றால் பலவற்றுக்கு உள்ளடக்கமும் தட்டச்சிட்டிருக்கிறார்கள். அப்ப தேடவேண்டியது வசனத்தை இல்லை, கட்டுரைத் தலைப்பை.

1998இல் தொடங்கின மதுரைத் திட்டத்தில் கதை வேறு. அங்கே பெரும்பாலும் முழுநூலும் எழுத்தாகவே இருக்கிறது. ஆனால் 'குளம்' என்று தேடினால் 'குளத்தில்' வராது, 'குளங்கள்' வராது. குளம், குளத், குளங் என்று மூன்று தரம் தேடவேணும். தமிழ் இலக்கணத்தில் சாரியை படித்தது இதுக்காவது உதவிச்சுது.

ஊர்ப்பெயரிலும் வழுக்கினோம். முல்லைத்தீவு மாவட்டம் உருவானது 1978இல். கிளிநொச்சி யாழ்ப்பாண மாவட்டத்திலிருந்து பிரிந்தது 1984இல். அதுக்கு முந்தின அறிக்கைகளைக் 'கிளிநொச்சி மாவட்டம்' என்று தேடிக்கொண்டிருந்த எங்களை என்ன சொல்ல!

கடைசியில் அன்ரியே கேட்டார்: "என்ன இனிஷல் போட்டனீங்கள்?" கணவரின் இனிஷலைத்தான் போட்டிருந்தோம். மலரில் எழுதும்போது அவருக்குப் பதினாறு வயது. தகப்பனின் இனிஷல். புள்ளி வைத்து, வைக்காமல், இடைவெளி விட்டு, விடாமல் எல்லாம் போட்டுப் பார்த்தோம்.

அந்த வருச மலர் இன்னும் அகப்படவில்லை. முந்தின வருசத்து மலரின் உள்ளடக்கம் கிடைத்தது. போனை வாங்கி, கண்ணாடியைப் போட்டு, ஒவ்வொரு பெயராக வாசித்துக்கொண்டு போனவர் ஒரு இடத்தில் நின்று சிரித்தார்.

"இவள் என்ர கொப்பியைப் பாத்து எழுதினவள்!"