நாக்கின் சாட்சியம்

பிளடி மேரி என்ற பானத்தில் வோட்காவுக்கு ஏறக்குறைய வேலையே இல்லை. நிறமோ மணமோ சுவையோ இல்லாதிருப்பதையே தகுதியாகக் கொண்ட சாராயம் அது. தக்காளிச் சாறு, எலுமிச்சை, உப்பு, மிளகு, டபாஸ்கோ என்கிற மிளகாய்க் காடி, வூஸ்டர்ஷைர் சாஸ் — தம்ளரில் பேசுவதெல்லாம் இவைதான். நம் ஊர்க் குடிகாரர் சாராயத்தை ஒரே மடக்கில் விழுங்கிவிட்டு, பிறகு ஊறுகாயைத் தொட்டு நாக்கில் வைத்துக்கொள்கிறார். இதில் தொட்டுக்கொள்ள வேண்டியதையே கரைத்துச் சாராயத்தோடு கலந்துவிட்டார்கள். இந்தப் பானத்தை மதிப்பிடுகிறேன் என்று உட்காருகிறவன் உண்மையில் மதிப்பிடுவது ஊறுகாயை.

நண்பர் ஒருவரோடு புதுவையிலும், அதற்கு வடக்கே கடற்கரைச் சாலை விடுதிகளிலுமாக ஐந்தாறு இடங்களில் இதைக் குடித்து மதிப்பெண் போட்டோம். அவர் கவிதைக்கும் பத்துக்கு இத்தனை என்று போடுகிறவர். முதல் இடத்தில் பாட்டில் தக்காளி சாஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தார்கள். கெட்டுப்போன பானகம் மாதிரி இருந்தது. இரண்டாவதில் காரத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. அறுசுவையில் கார்ப்பையும் நாம் சேர்த்திருக்கிறோம். ஆனால் காரம் சுவையல்ல, வலி. சூட்டை உணர்கிற நரம்பு வாயிலையே மிளகாயும் தட்டுகிறது, மதுவின் எரிச்சலும் தட்டுகிறது. காரம் கூடினால் எது எரிகிறது என்று சொல்ல முடியாது. மூன்றாவது இடத்தில் கறிவேப்பிலை, ரசப்பொடி எல்லாம் போட்டு, தம்ளர் விளிம்பில் இந்துப்பு தடவி வந்தது. நண்பர் 8 போட்டார். நான் 4. ரசத்தின் உயிர் அதன் ஆவியில் இருக்கிறது. மிளகும் சீரகமும் பெருங்காயமும் சூட்டில்தான் மூக்குக்கு ஏறும். ஐஸ் போட்ட ரசம் பிரேதம். எங்களுக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று: அங்கே பழத் தக்காளியைப் பிசைந்து வடிகட்டி, மிளகைத் தட்டிப் போட்டு, வேறு அலங்காரம் எதுவுமில்லாமல் கொண்டுவந்து வைத்தார்கள். அங்கே பாட்டுச் சத்தம் அதிகம் என்பதையும் சொல்ல வேண்டும். பேரிரைச்சலில் இனிப்பு மங்கி, தக்காளியில் உள்ள அந்தக் குழம்புச் சுவை — ஜப்பானியர் உமாமி என்று பெயரிட்டது — தூக்கலாகத் தெரிகிறது என்று 2015இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கண்டிருக்கிறார்கள். விமானத்தில் தக்காளிச் சாறு கேட்டு வாங்கிக் குடிக்கிறவர்களின் ரகசியமும் இதுவாக இருக்கலாம். எங்கள் ஒருமித்த தீர்ப்பில் ஒலிபெருக்கிக்கு எத்தனை பங்கோ!

இந்தப் பானத்தை 1920களில் பாரிஸில் தான் கண்டுபிடித்ததாக ஃபெர்னான் பெத்தியோ உரிமை கொண்டாடினார்; 1934இல் நியூயார்க் போய் ஸெயின்ட் ரீஜிஸ் ஹோட்டலில் காரம் சேர்த்தவரும் அவர்தான். உரிமை கொண்டாடிய இன்னொருவரும் உண்டு. அது முக்கியமில்லை. வூஸ்டர்ஷைர் சாஸ் என்று 1837 முதல் இங்கிலாந்தில் விற்றுவரும் அந்தக் கறுப்புத் திரவத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் எனக்கு முக்கியம்: ஊறவைத்த நெத்திலி வகை மீன், புளி, காடி, பூண்டு, வெங்காயம். இதோடு தக்காளி, மிளகாய், உப்பு. மரக்காணத்துக் குப்பங்களில் மத்தியானம் கொதிக்கிற நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு பாரிஸுக்கும் நியூயார்க்குக்கும் போய், ஆறிப்போய், அந்நியப் பெயரோடு ஊருக்குத் திரும்பியிருக்கிறது என்று சொன்னால் நண்பர் இதை வரலாறல்ல என்பார். வரலாறல்லதான். ஆனால் நாக்கு அப்படித்தான் சொல்கிறது.

நாக்கு சொல்வதை எவ்வளவு தூரம் நம்புவது என்பது நம் பத்திரிகைகளில் பழைய சண்டை. க.நா.சு. ரசனையை நம்பிப் பட்டியல் போட்டார், சி.சு. செல்லப்பா 1959இல் 'எழுத்து' தொடங்கி அலசலை வற்புறுத்தினார். நான் நாக்கின் கட்சி. தேர்ந்த நாக்குக்குக் காரணம் கேட்பது அனாவசியம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். மரக்காணத்து உப்பளங்களில் அதற்கு நேரடி ருஜு உண்டு. பாத்தியில் உப்பு இறங்கிய பிறகு மிஞ்சுகிற மக்னீசிய நீரைக் காலத்தில் வடித்துவிடாவிட்டால் உப்பு கசக்கும், ஈரம் கோத்துக்கொள்ளும். ஒரு கல்லை வாயில் போட்டால் தெரிந்துவிடும். (இந்த உப்பு மலையாகக் குவிந்து கிடக்கிற சாலையோரத்திலேயே, தம்ளர் விளிம்புக்கு இந்துப்பு வரவழைக்கிறார்கள்.)

அதே கடற்கரையில், மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில், 2023 மே மாதம் சாராயம் என்று வாங்கிக் குடித்தவர்கள் அடுத்தடுத்துச் செத்தார்கள். விழுப்புரம் மாவட்டத்தில் 14 பேர். செங்கல்பட்டு மாவட்டத்துச் சாவுகளையும் சேர்த்தால் 20க்கு மேல். அது காய்ச்சிய சாராயமே அல்ல, தொழிற்சாலைகளில் பயன்படும் மெத்தனால் என்று காவல்துறை அறிவித்தது. கள்ளச்சாராயம் என்பதா விஷச்சாராயம் என்பதா என்று சில நாட்கள் வார்த்தைச் சண்டை நடந்தது. அடுத்த ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கு மேற்பட்டோர்.

மெத்தனாலுக்கும் குடிக்கிற எத்தனாலுக்கும் நாக்கில் வித்தியாசம் தெரியாது. மணத்திலும் தெரியாது. போதை வரும், பல மணி நேரம் ஒன்றும் ஆகாது. ஈரல் அதைப் பார்மால்டிஹைடாகவும் பிறகு பார்மிக் அமிலமாகவும் மாற்றிய பிறகே கண் மங்கும், மூச்சு வாங்கும். 10 மில்லி போதும் பார்வை போக. க.நா.சு.வின் நாக்கே ஆனாலும் இங்கே பிரயோஜனமில்லை. செல்லப்பாவின் அலசலைப் போன்ற ஏதோ ஒன்று, ஒரு ரசாயனக் கூடம், வேண்டியிருக்கிறது. விடுதியில் நானும் நண்பரும் அத்தனை சாவதானமாக உறிஞ்சி உப்பு கூட, புளிப்பு குறைவு என்று வழக்காடினோமென்றால், வோட்கா வோட்காதான் என்று யாரோ எங்களுக்கு முன்பே சரிபார்த்து மூடியில் முத்திரை வைத்திருந்தார்கள். ரசனை அந்த முத்திரைக்குப் பிறகுதான் ஆரம்பமாகிறது. முத்திரையைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச வேண்டியிருக்கவும் இல்லை.

மரக்காணத்தில் அளத்து வேலைக்குப் போகிற ஒருவரிடம், எப்படி இருக்கும் அது என்று கேட்டேன். ருசியைத்தான் கேட்டேன். "நாக்குல படக்கூடாது சார், பட்டா எறங்காது," என்றார். மூச்சைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து ஊற்றிக்கொள்வதைக் கையால் காட்டினார். பிறகு ஒரு கல் உப்போ மாங்காய்க் கீற்றோ. நாக்கைத் தாண்டிப் போவதுதான் அங்கே திறமை. அந்தக் குடியில் மதிப்பெண்ணுக்கு எந்த இடமும் இல்லை என்று சொன்னபோது நண்பர், "அப்படியானால் அது குடியே அல்ல, மருந்து" என்றார். இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை.

நல்லியக்கோடனைப் பாடிய சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் இந்த மரக்காணம்தான் என்பது அறிஞர் பலரின் முடிபு. அங்கே போகிற பாணர்களுக்குப் பழைய தேறலும் சுட்ட குழல் மீனும் கிடைக்கும் என்கிறார் நத்தத்தனார். குடியும் தொட்டுக்கொள்ளவும். தேறல் எப்படி இருந்தது என்பதை அவர் விவரிக்கவில்லை. அதை அரித்தது ஒரு நுளையர் பெண், ஊற்றிக் கொடுப்பவர்கள் பரதவர் என்பதைச் சொல்லிவிடுகிறார். பாடலைப் படிக்கும்போதெல்லாம் அதை நெய்தல் நில அலங்காரம் என்றே எண்ணியிருந்தேன். எக்கியார்குப்பத்துக்குப் பிறகு அந்த இடம் எனக்கு வேறு மாதிரி ஒலிக்கிறது: யார் அரித்தது, யார் ஊற்றியது.

மெத்தனால் குடித்தவர்களுக்கு எத்தனாலே மாற்று மருந்து. அதே ஈரலில் முந்திக்கொண்டு இடத்தைப் பிடித்து, மெத்தனால் நஞ்சாக மாறுவதைத் தாமதப்படுத்துகிறது. மருத்துவமனையில் அதை நாளத்தின் வழியே ஏற்றுகிறார்கள், அல்லது மூக்கில் குழாய் விட்டு நேரே இரைப்பைக்குள் இறக்குகிறார்கள்.