மூன்றாம் நாள் வரும் பெயர்

"வேறு எதற்கோ கொண்டுபோய்ச் சேர்த்தோம், ஆஸ்பத்திரியிலேயே இன்னொன்று ஒட்டிக்கொண்டது" என்று நம் வீடுகளில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்தப் பேச்சில் உண்மை உண்டு. சேரும்போது இல்லாமல், 48 மணி நேரம் கழிந்த பிறகு தலைகாட்டும் தொற்றை மருத்துவமனைத் தொற்று என்றே மருத்துவர்கள் கணக்கில் வைக்கிறார்கள். சிறுநீர்க் குழாய், கழுத்து இரத்தநாளத்தில் ஏற்றிய குழாய், வென்டிலேட்டர், அறுவை சிகிச்சைத் தையல் என்று உயிரைக் காக்கத் திறந்த வாசல்கள் எல்லாமே கிருமிக்கும் வாசல்களாகிவிடுகின்றன. உள்ளே புகுந்தது யார் என்று கண்டுபிடிக்கும் ஆய்வுக்கூட வேலையில் தலை நரைத்தவன் நான். அந்த வேலை எனக்குச் சொல்லிக்கொடுத்ததை, இனி வருகிறவர்களுக்குச் சொல்லிவைக்க ஆசை.

முதல் நாள் நமக்குக் கிடைப்பது நிறமும் வடிவமும் மட்டும்தான். சீழையோ சளியையோ ஸ்லைடில் தடவி, ஊதாச் சாயம் ஏற்றி, அயோடின் விட்டு, ஆல்கஹாலால் கழுவுவோம். சில கிருமிகள் ஊதாவைப் பிடித்துக்கொள்ளும். சில விட்டுவிட்டு, அடுத்து விடும் சிவப்பை ஏற்கும். 1884இல் பெர்லினில் இருந்தபோது இந்த முறையின் மூல வடிவத்தை வெளியிட்டவர் டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம். தன் முறை இன்னும் குறை உள்ளதுதான் என்று அந்தக் கட்டுரையிலேயே எழுதினார். நூற்று நாற்பது ஆண்டுகள் ஆகியும் உலகெங்கும் கிருமி ஆய்வுக்கூடங்களில் முதற்படியாக நிற்பது அவருடைய சாயம்தான். அறிந்த அளவைச் சொல்லி, அறியாத அளவையும் சேர்த்துச் சொன்ன அந்த மனிதர் மேல் எனக்குத் தீராத மரியாதை.

இரண்டாம் நாள், மாதிரியைத் தடவி இரவெல்லாம் இன்குபேட்டரில் வைத்த தட்டுகள் பேசத் தொடங்கும். ஊதாக் கொத்துகளாகத் தெரிந்ததன் மேல் ஒரு சொட்டு ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டால், நுரைத்துப் பொங்கினால் பெரும்பாலும் ஸ்டஃபைலோகாக்கஸ். அதைப் பிளாஸ்மாவில் கலந்து வைத்து, உறைந்துபோனால் பெரும்பாலும் ஆரியஸ், சீழ்பிடிக்க வைப்பதில் முதல்வன். உறையாவிட்டால், நம் எல்லோருடைய தோலிலும் சாதுவாக வாழும் எபிடெர்மிடிஸ் போன்றவற்றில் ஒன்று.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். இரத்தத்தில் எபிடெர்மிடிஸ் வளர்ந்திருக்கிறது. நோயாளிக்குக் காய்ச்சல். குற்றவாளி அகப்பட்டான் என்று எழுதிவிடலாமா? ஊசி குத்தும்போது தோலிலிருந்து பாட்டிலுக்குள் வந்திருக்கலாம். அதனால்தான் வேறு வேறு இடத்தில் குத்தி இரண்டு முறை இரத்தம் எடுக்கச் சொல்கிறோம். ஒன்றில் மட்டும் வளர்ந்தால் சந்தேகம் தோலின் மேல். இரண்டிலும் வளர்ந்து, நோயாளிக்குச் செயற்கை இதய வால்வோ, நாள்பட்ட இரத்தநாளக் குழாயோ இருந்தால், அதே சாதுதான் உயிரைக் குடிக்க வந்தவன். பெயர் ஒன்று, தீர்ப்பு இரண்டு. இதைத் தட்டு சொல்லாது. நாற்காலியை விட்டு எழுந்து வார்டுக்குப் போய் விசாரிக்கிறவருக்குத்தான் தெரியும். இன்று மால்டி-டாஃப் என்ற கருவி, வளர்ந்த கிருமியின் பெயரைச் சில நிமிடங்களில் சொல்லிவிடுகிறது. மகிழ்ச்சிதான். விசாரிக்கும் வேலையை அது நமக்கே விட்டுவைத்திருக்கிறது.

பெயரில் என்ன இருக்கிறது, எல்லாவற்றுக்கும் ஒரே வலுவான ஆன்டிபயாடிக் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. சூடோமோனாஸ் வளர்ந்த தட்டைத் திறந்தாலே பச்சை நிறமும் திராட்சை வாசனையும் முகத்தில் அடிக்கும். அது ஈரத்தில் வாழ்வது. ஆகவே கைகழுவும் தொட்டியையும் குழாயையும் சோதிக்க வேண்டும். அசினெட்டோபாக்டர் காய்ந்த இடத்திலும் வாரக்கணக்கில் உயிரோடு கிடக்கும். கட்டில் கம்பியையும் வென்டிலேட்டர் பொத்தானையும் துடைக்க வேண்டும். கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் ஸ்போர் என்னும் வித்துறைக்குள் ஒளிந்துகொள்ளும். ஆல்கஹால் தேய்ப்பு அதை ஒன்றும் செய்யாது, சோப்பும் தண்ணீரும்தான் கதி. என்டெரோகாக்கஸ் என்றால் செஃபலோஸ்போரின் ஊசிகள் வீண். பெயர் மாறினால் மருந்து மாறும், தேட வேண்டிய இடம் மாறும், கை கழுவும் விதமும் மாறும். அந்த என்டெரோகாக்கஸே 1984 வரை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பேரினத்தில் எழுதப்பட்டிருந்ததுதான். ஆதாரம் வந்ததும் பிரித்து எழுதினார்கள். பழைய கணக்கைத் திருத்தத் தயங்காத துறையில் வாழ்ந்தேன் என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

மூன்றாம் நாள் முழுப் பெயரும், எந்த மருந்துக்கு அது அடங்கும் என்ற பட்டியலும் வார்டுக்குப் போகும். அதுவரை மருத்துவர் காத்திருக்க முடியாது. உயிர் ஊசலாடும்போது இரத்தத்தைக் கல்ச்சர் என்னும் கிருமி வளர்ப்புச் சோதனைக்கு எடுத்துவிட்டு, பல கிருமிகளைத் தாக்கக்கூடிய மருந்தை ஊகத்தில் தொடங்குவார். தொடங்கத்தான் வேண்டும். என் வருத்தமெல்லாம் மூன்றாம் நாளைப் பற்றியது. ரிப்போர்ட் கேஸ் ஷீட்டுக்குள் மடங்கிக் கிடக்க, "தேறிவருகிறாரே, எதற்கு மாற்றுவது" என்று பழைய மருந்தே தொடர்கிறது. ஊகத்தில் தொடங்குவது குற்றமில்லை. உண்மை கைக்கு வந்த பிறகும் ஊகத்தையே பிடித்திருப்பதுதான் குற்றம். மனிதர்கள் விஷயத்திலும் இதைக் கண்டிருக்கிறேன். புது மருமகளைப் பற்றி முதல் வாரம் கட்டிய எண்ணத்தை இருபது வருஷம் காப்பாற்றும் வீடுகள் உண்டு. எதிரே வாழ்ந்து காட்டப்படும் ரிப்போர்ட்டை யாரும் பிரித்துப் படிப்பதில்லை.

மூன்றாம் நாள் ரிப்போர்ட்டைப் படிக்காத அந்த அலட்சியத்துக்கு விலை உண்டு: மருந்துக்கு அடங்காத கிருமிகள். 2010இல் லான்செட் தொற்றுநோய் இதழில் வந்த ஒரு கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமி. கார்பபெனெம் என்ற உயர்நிலை மருந்துகளையே முறிக்கும் என்டிஎம்-1 மரபணு, சென்னை நோயாளிகளின் கிருமிகளிலும் இருப்பதை அது காட்டியது. கிளெப்சியெல்லாவிலிருந்து ஈ.கோலைக்கு, ஒரு இனத்திலிருந்து மற்றொன்றுக்குத் தாவக்கூடிய மரபணு அது. ஆகவே இனப்பெயர் மட்டும் இனிப் போதாது. எதற்கு அடங்கும் என்ற பட்டியலும் கட்டாயம். 2012இல் மருத்துவச் சங்கங்கள் கூடிப் பேசி, மருந்துகளைப் பொறுப்போடு கையாள வழிசொல்லும் சென்னைப் பிரகடனம் உருவானது. ஊர் ஊராக நடைமுறைக்கு வரவேண்டிய வேலை இன்னும் நிறைய இருக்கிறது.

கை கழுவுவது மட்டும் எந்தப் பெயருக்காகவும் காத்திருக்க வேண்டாம். 1847இல் வியன்னாவின் பிரசவ வார்டில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், மற்ற மருத்துவர்களைக் குளோரின் கரைசலில் கை கழுவ வைத்தபோது, அந்தச் சாவுக்குக் காரணமான கிருமியின் பெயர் யாருக்கும் தெரியாது. இருந்தும் தாய்மார்களின் சாவு சரிந்தது.

உங்கள் வீட்டிலிருந்து யாராவது ஐசியுவில் இருந்தால், கல்ச்சருக்கு எடுத்த மூன்றாம் நாள் பணிவோடு கேளுங்கள்: "டாக்டர், கல்ச்சர் ரிப்போர்ட் வந்துவிட்டதா? அதைப் பார்த்து மருந்தை மாற்ற வேண்டியிருக்குமா? அந்த யூரின் டியூப் இன்னும் தேவைதானா?" நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.