முகையூர்ப் பனந்தோப்பில் ஒரு பரீட்சை

விழுப்புரத்திலிருந்து திருக்கோவலூர் செல்லும் சாலையில் முகையூர் என்ற ஊர் இருக்கிறது. பட்டணம் என்று சொல்வதற்கில்லை. ஆனாலும் ஓர் ஊராட்சி ஒன்றியத்துக்குத் தலைமையான ஊர். 2011-ஆம் ஆண்டுத் தேர்தலுக்கு முன்பு வரையில் சட்டசபைத் தொகுதி ஒன்றும் இதன் பெயரால் வழங்கி வந்தது. அதனால், ஊரைக் கண்ணால் காணாதவர்களுங்கூடப் பெயரைக் காதால் கேட்டிருப்பார்கள். நாம் அங்கே போனது தேர்தலை முன்னிட்டுமல்ல, ஸ்தல யாத்திரையாகவுமல்ல. பதநீர் குடிக்கப் போனோம்.

இந்த யோசனை பிறந்த விதம் சற்று விசித்திரமானது. மேனாடுகளில் பீர் காய்ச்சும் சாலைகளில் ஒரு வழக்கம் உண்டு. நான்கைந்து சிறு கண்ணாடிக் குவளைகளை ஒரு மரப்பலகையில் வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு வகைப் பீரை ஊற்றி வைப்பார்கள். வந்தவர் வாய்க்கு வாய் சுவைத்து, இன்னதற்கு இத்தனை மதிப்பெண் என்று குறித்துக்கொள்வார். பெங்களூரிலும் இது பரவிப் பல வருஷங்களாகின்றன. அங்கே போய் வந்த நண்பர் ஒருவர், தாம் மார்க்குப் போட்ட காகிதத்தை மிகுந்த பெருமையோடு நம்மிடம் நீட்டினார். மார்க்குப் போடுவது நம்முடைய ஜீவனோபாயம். அதில் ஒருவர் நம்மை முந்துவதா? பீரில் நமக்குப் பழக்கமுமில்லை, விருப்பமுமில்லை. ஆனால் நம் நாட்டில், அதுவும் நம் ஜில்லாவிலேயே, மரத்துக்கு மரம் ருசி மாறும் பானம் ஒன்று இருக்கிறதே என்று நினைத்துப் புறப்பட்டோம்.

பங்குனி மாதம். பொழுது விடிந்து அரை மணிகூட ஆகவில்லை. ஏரிக்கரை ஓரமாகவும் வரப்புகளின் மேலும் பனைகள் கறுத்து நின்றன. இந்தச் சீமைக்கும் பனைக்கும் உள்ள உறவு பழையது. பக்கத்தில் ஓடும் ஆற்றுக்குப் பெண்ணை என்று பெயர். பழந்தமிழில் பனைக்கும் பெண்ணை என்றே பெயர். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா என்பதைப் புலவர்களிடம் விட்டுவிட்டு, மரத்தின் உச்சியை அண்ணாந்து பார்த்தோம்.

பனையேறும் பெரியவர் ஒருவர் இறங்கிக்கொண்டிருந்தார். வயது அறுபதுக்கு மேல். காலில் தளைநார், இடுப்பில் பாளை சீவும் அரிவாள், பக்கத்தில் தொங்கும் குடுக்கை. தை மாதக் கடைசியில் பாளையை இடுக்கத் தொடங்கினால் ஆனி வரையில் ஓய்வில்லை. தினம் காலையும் மாலையும் ஒவ்வொரு மரமும் ஏறியாக வேண்டும். பாளையின் நுனியை மெல்லிய ஏடு போலச் சீவாவிட்டால் மறுநாள் சொட்டு நின்றுவிடும். பனைக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது.

வந்த காரியத்தைச் சொன்னோம். பெரியவர் சிரித்தார். "பரீட்சை எனக்கா, மரத்துக்கா ஐயா?" என்று கேட்டார். பிறகு குருத்தோலையை மடித்து ஐந்து பட்டைகள் கட்டி வரிசையாக வைத்தார்.

முதல் பட்டை ஆண் பனையின் நீர். பனையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு; இரண்டின் பாளையிலிருந்தும் நீர் இறங்கும். தெளிவாய், இலேசான பனை வாசனையோடு, தொண்டையில் குளிர்ச்சியாய் இறங்கிற்று. பத்துக்கு ஏழு. இரண்டாவது பெண் பனையினுடையது. இனிப்பு ஒரு படி கூடுதல். குடித்து முடித்த பிறகும் நாக்கில் நின்றது. எட்டு. மூன்றாவதை வாயில் வைத்ததும் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு அதிகமானால் எப்படியோ அப்படி நாக்குச் சுரீரென்றது. நான்குதான் போட்டோம். "பேரன் தடவின முட்டி அது," என்றார் பெரியவர். "கை இன்னும் பழகல்லே."

இந்தச் சுண்ணாம்பில்தான் விஷயமெல்லாம் அடங்கியிருக்கிறது. பாளையிலிருந்து சொட்டும் நீரில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு அளவில் சர்க்கரை இருக்கிறது. காற்றிலும் கலயத்திலும் உள்ள ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் அதைத் தொட்டால், வெயில் ஏறுவதற்குள் அது கள்ளாக மாறத் தொடங்கிவிடும். முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவி வைத்தால், அதன் காரம் நுண்ணுயிரை வளரவொட்டாமல் தடுக்கிறது. நீர் இனிப்பாகவே நிற்கிறது. பீரில் ஹாப்ஸ் என்னும் கொடியின் பூவைச் சேர்க்கிறார்கள். 1516-ல் பவேரிய நாட்டுச் சட்டம், பீருக்கு வாற்கோதுமை, ஹாப்ஸ், தண்ணீர் இவை தவிர வேறொன்றும் கூடாது என்று விதித்தது. அந்தப் பூ கசப்பையும் தருகிறது, பீர் கெடாமலும் காக்கிறது. அங்கே பூ செய்யும் காவலை இங்கே சுண்ணாம்பு செய்கிறது. ஆனால் இங்கே அது காப்பது ருசியை மட்டுமன்று, மனிதனையும் காக்கிறது. சுண்ணாம்பு இருந்தால் அவன் தொழிலாளி, இல்லாவிட்டால் குற்றவாளி!

நான்காவது பட்டையில் சிறு குமிழிகள் தெரிந்தன. இலேசான புளிப்பு வாசனை. நாம் கையில் எடுப்பதற்குள் பெரியவரே அதை வாங்கி மரத்தடியில் ஊற்றிவிட்டார். "இது வேண்டாங்க ஐயா. கொஞ்சம் நேரம் போனா எனக்கே ஆபத்து." முன்பொரு முறை, இறக்கி வைத்தது பதநீர்தான் என்று எவ்வளவு சொல்லியும் கேளாமல் காவலர்கள் முட்டிகளை உடைத்துவிட்டுப் போனார்களாம். அந்தப் பட்டைக்கு நாம் மார்க்கு ஒன்றும் போடவில்லை.

நாம் மதுவிலக்கை நம்புகிறவர்கள். 1937-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் தேதி சேலம் ஜில்லாவில் ராஜாஜி அதைத் தொடங்கியதையும், 1948-ல் அது சென்னை மாகாணம் முழுவதும் பரவியதையும் பெருமையோடு நினைக்கிறோம். அந்த நாளில் தலைவர்கள் பனையேறியை மறந்துவிடவில்லை. 1934-ல் காந்தியடிகள் தொடங்கிய அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம், ஜே. ஸி. குமரப்பாவின் பொறுப்பில், பனைவெல்லத் தொழிலையும் தன் வேலைகளில் ஒன்றாகக் கொண்டது. கள் நின்றால் அந்த நீர் வெல்லமாகட்டும் என்பது ஏற்பாடு. பிறகு நடந்த கதை நேயர்கள் அறிந்ததே: 1971-ல் விலக்குத் தளர்ந்தது, 1974-ல் திரும்பி வந்தது, 1981-ல் மறுபடி தளர்ந்தது, 1987 முதல் கள் இறக்குவது தடுக்கப்பட்டிருக்கிறது. ஆனால் ஆலையில் காய்ச்சிப் புட்டியில் அடைத்த பீரைச் சர்க்காரின் கடையிலேயே பகிரங்கமாக வாங்கலாம். ஆலைச் சரக்குக்குக் கடைத்தெரு, பனையேறியின் முட்டிக்குச் சந்தேகம் என்றால் அதை மதுவிலக்கு என்று ஒப்புக்கொள்ள நமக்கு மனம் வரவில்லை. கள்ளுக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. பதநீரைக் கள்ளென்று எண்ணி உடைக்கவேண்டாம் என்றுதான் கேட்கிறோம்.

ஐந்தாவது பட்டை வீட்டிலிருந்து வந்தது. பெரியவரின் மனைவி விடியற்காலையிலிருந்து கொப்பரையின் முன் உட்கார்ந்திருந்தார். பனைமட்டையே விறகு. பொங்கி வழியும்போது நசுக்கிய ஆமணக்கு விதையில் ஒரு சிட்டிகை போட்டதும் நுரை அடங்குவதைக் கண்டோம். பாகு பதம் வந்ததும் கொட்டாங்கச்சிகளில் ஊற்றுகிறார். ஒரு கிலோ வெல்லத்துக்கு ஏறக்குறைய எட்டு லிட்டர் பதநீர் வற்றவேண்டும். அந்தப் பாகிலே கொஞ்சம் ஓலையில் வழித்துக் கொடுத்தார். சூடும் இனிப்பும், அடியில் ஒரு மெல்லிய உப்புக் கரிப்பும்! ஒன்பது போட்டோம். பத்துப் போடாததற்குக் காரணம் பள்ளிக்கூடத்துப் பழக்கந்தான். தெற்கே கருப்பட்டி என்பதை இங்கே பனைவெல்லம் என்கிறார்கள். நகரத்துக் கடைகளில் அந்தப் பெயரால் விற்பதில் வெள்ளைச் சர்க்கரை கலப்பதுண்டு. இந்தக் கரிப்பை ஒரு முறை நாக்கு அறிந்துகொண்டால் கலப்படத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை.

"மரம் ஏற இப்ப ஆளு யாரு வராங்க? பேரனும் பட்டணத்துக்குப் போறேங்கிறான்," என்றார் அந்த அம்மாள், கொப்பரையிலிருந்து கண்ணை எடுக்காமலே. நமது மாநில மரம் பனை. கலெக்டரின் அனுமதியின்றிப் பனையை வெட்டலாகாது என்று 2021-ல் சர்க்கார் அறிவித்தது. பனைவிதை நடவும் பணம் ஒதுக்கியது. நல்ல காரியமே. இன்று நட்ட விதை பாளை விட ஏறக்குறைய பதினைந்து வருஷமாகும். அப்போது ஏறுவது யார் என்பதுதான் அந்த அம்மாளின் கவலை.

போக விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. விழுப்புரத்திலிருந்து பஸ் இருக்கிறது. எட்டு மணிக்குள் தோப்பில் இருக்கவேண்டும். அதற்குப் பிறகு பதநீர் முழுவதும் கொப்பரைக்குப் போய்விடும். ஆனி கழிந்தால் அடுத்த தை வரையில் கிடைக்காது. வீட்டிலிருப்பவர்களுக்கும் வாங்கி வருவதானால் மூடியுள்ள பாத்திரம் ஒன்று கையோடு கொண்டு போங்கள். ஓலைப்பட்டை பஸ் ஏறுவதற்குள் ஒழுகிவிடுகிறது.