வற்றாப்பளைக்குச் சென்ற வண்டி

வவுனியாவிலிருந்து வடக்கே செல்லும் ஏ-9 வீதியில் எத்தனையோ முறை பயணஞ் செய்திருக்கின்றோம். 2002 ஆம் ஆண்டு, போர்நிறுத்த காலத்தில் அது திறக்கப்பட்டபோது, குழிகளுக்கிடையே வீதியைத் தேடிக்கொண்டு சென்றோம். 2006 ஓகஸ்டில் அது மீண்டும் மூடப்பட்டது. இன்று ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம் எல்லாம் கார்ப்பெட் இட்ட தரையிலே வழுக்கிக்கொண்டு பின்னோடுகின்றன. ஆயினும் அவ்வீதியை விட்டு ஓர் ஒழுங்கைக்குள் இறங்கினாற் போதும். செம்மண்ணும் கிரவலும் உழவு இயந்திரத் தடமுமாகப் பழைய வன்னி எதிரே வந்து நிற்கும். இவ்விருவகைத் தரையையும் ஒரே கார் ஒரே நாளிற் சமாளிப்பது எங்ஙனம்?

இவ்வினாவை எமக்குக் கற்பித்தவர், எம்முடன் கல்லூரியிற் படிப்பிக்கும் நண்பர் ஒருவர். 2020 ஆம் ஆண்டு வாகன இறக்குமதி நிறுத்தப்படுவதற்குச் சற்று முன்னர், பாவித்த கார் ஒன்றை அவர் வாங்கினார். விரைவுக்கென்றே ஆக்கப்பட்ட நாற்கதவு வண்டி அது. தெருவின் தன்மையறிந்து தாமாகவே இறுகவும் இளகவும் வல்ல ஷொக் அப்சோபர்கள் பூட்டியது. கல்லூரி ஆசிரியருக்கு இஃது ஏன் என்று வினவாதீர்கள். ஆசை சம்பளப் பட்டியலைப் பார்ப்பதில்லை.

சென்ற ஆண்டு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் வைகாசிப் பொங்கலுக்கு, அவருடைய தாயாரையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். அவ்வித்தை அன்று பலிக்கவில்லை. மாங்குளத்திற் கிழக்கே திரும்பி, ஒட்டுசுட்டானை அடையுமுன்னரே அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டார். “அடுத்த முறை நான் பஸ்சிலை வாறன், தம்பி” என்றார். மகனுக்கு அச்சொல் தைத்துவிட்டது.

வவுனியாவில் நண்பருக்குத் தெரிந்த கராச்காரர் ஒருவர் உளர். அவர் கருவி எதனையும் எடுக்கவில்லை. காரின் முன்மூலையைக் கையால் அமுக்கிவிட்டார். நல்ல வண்டியாயின் ஒருமுறை எழுந்து அமரும், இதுவோ ஊஞ்சலாடியது. குனிந்து பார்த்தோம். ஷொக் அப்சோபரில் எண்ணெய் கசிந்து, அதன்மேற் புழுதி அப்பியிருந்தது.

மாணவர்களுக்காக இதனைச் சிறிது விளக்குதல் வேண்டும். வில் பாரத்தைத் தாங்கும். ஆட்டத்தை அடக்க அதனால் இயலாது. எம் பாட்டனார் காலத்து வில்வண்டியிலே தகடுகள் ஒன்றோடொன்று உராய்ந்து ஆட்டத்தை ஓரளவு தின்றுவிடும். சுருள்வில்லில் அவ்வுராய்வு இல்லை. ஆகவே எண்ணெய் நிறைந்த குழாயினுள் ஒரு பிஸ்டனை ஓடவிட்டு, சிறு துளைகளின் வழியே எண்ணெயைப் பிதுங்கச் செய்கிறார்கள். ஆட்டத்தின் சக்தி வெப்பமாகிக் கழியும். துளை சிறிதாயின் வண்டி இறுக்கமாகும். வளைவிற் சாயாது, ஆனால் முதுகை வருத்தும். துளை பெரிதாயின் மென்மையாகும். வேகத்தில் மிதந்து அலையும். சாதாரண வண்டியிலே இவ்விரண்டுக்கும் நடுவே ஓர் அளவைத் தொழிற்சாலையே விதித்துவிடுகிறது. நண்பருடைய வண்டியிலோ சில்லின் அசைவை அளந்து கணினி ஒன்று கட்டளையிட, மின்வால்வு அவ்வளவைக் கண்ணிமைக்கும் நேரத்தில் மாற்றும். 1983 ஆம் ஆண்டிலேயே டொயோட்டா சோரர் காரில் மின்னியலால் இறுக்கத்தை மாற்றும் முறை வந்துவிட்டது. 2002 இல் கடிலாக் வண்டியொன்றில் வந்தது அதனினும் விந்தை: இரும்புத்துகள் கலந்த எண்ணெய், காந்தப்புலம் பட்டவுடன் தடித்துவிடும்!

பழுது பார்ப்பதோடு வண்டியை மேம்படுத்தவும் வேண்டும் என்று நண்பர் விரும்பினார். தாழ்ந்த, கடினமான வில்லுகளையும், பெரிய றிம்களையும் படத்திற் காட்டினார். கராச்காரர் சிரித்துவிட்டார்.

“சேர், காரைப் பதிச்சியள் எண்டால் முதல் ஒழுங்கையிலேயே அடி தட்டும். றிம் பெருத்து ரயர் மெலிஞ்சால், குழியிலை றிம்தான் நெளியும். அம்மாவை ஏத்தப் போறியளோ, ஓட்டப் பந்தயத்துக்குப் போறியளோ?”

அவர் சொன்ன வைத்தியம் நேர்மாறானது. 18 அங்குல றிம்மைக் கழற்றி 17 அங்குல றிம்மும், அதற்கேற்ற தடித்த ரயரும் பூட்டினார். சில்லின் மொத்த உயரம் மாறவில்லை, ரயரிற் காற்றுக்கு இடங் கூடிற்று. வில்லுகளைத் தொடவில்லை. வெடித்துப்போன றப்பர் புஷ்களை மாற்றினார். சென்ற ஆண்டு நாம் கேட்ட ‘டக், டக்’ ஓசை அவற்றினதே.

முன்னிரண்டு ஷொக் அப்சோபர்கள் மட்டும் வழக்காயின. ஒன்று கசிந்தாலும் சோடியாகவே மாற்றுதல் வேண்டும். மின்வால்வு உள்ள புதிய சோடியின் விலை நண்பரின் மாதச் சம்பளத்தை விழுங்கி, மேலும் கை நீட்டியது. கொழும்பு பஞ்சிகாவத்தையிலே பாவித்த உதிரிப்பாகம் எதுவுங் கிடைக்கும். ஆனால் ஷொக் அப்சோபரைப் பாவித்ததாக வாங்குவது, பிறர் தேய்த்த செருப்பை வாங்குவது போலாம். சாதாரணமானதைப் பூட்டிவிடும்படி நாமே ஆலோசனை கூறினோம். அவ்வாறு செய்தால் கணினி குழம்பி எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டேயிருக்கும் என்றார் கராச்காரர். நண்பர் இரண்டு நாள் யோசித்து, கடன்பட்டுப் புதியதையே வாங்கினார். அது வீண்செலவு என்று முகத்துக்கு நேரே சொன்னோம்.

இவ்வாண்டு வைகாசியில் மீண்டும் புறப்பட்டோம். கனகராயன்குளத்துக்கு அப்பால் மாட்டு மந்தையொன்று வீதியிலேற, நண்பர் பிரேக்கை அழுத்தினார். வண்டியின் மூக்கு நிலத்தை நோக்கிக் குத்தவில்லை; நேராக நின்றது. கோயிலை அண்டிய மண்பாதையிலே அதே வண்டி இளகி நடந்தது. அம்மாவைத் திரும்பிப் பார்த்தோம், தூங்கிக்கொண்டிருந்தார். எமது ஆலோசனையை அங்கேயே மீளப் பெற்றுக்கொண்டோம்.

பொங்கல் கண்டு, புதுக்குடியிருப்பிலுள்ள உறவினரைப் பார்ப்பதற்காக முல்லைத்தீவு வழியே வட்டுவாகல் பாலத்துக்கு வந்தோம். ஒடுங்கிய பழைய பாலம், ஒருபுறம் நந்திக்கடல். 2009 மே மாதத்தில் சனங்கள் கையிற் கிடைத்ததோடு நடந்து கடந்த இடம். அம்மா விழித்துக்கொண்டார்.

“மெல்லப் போ, தம்பி.”

“குலுக்குதோ, அம்மா?”

“குலுக்கேல்லை. உதாலைதானே நடந்து வந்தனாங்கள். பாக்கவேணும்.”

நண்பர் வேகத்தை மாட்டு வண்டியின் நடைக்குக் குறைத்தார். கண்ணாடியை இறக்கிவிட்டு, அம்மா தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தார். பாலம் முடியும்வரை ஒருவரும் பேசவில்லை.

பரந்தனில் ஏ-9 வீதியை மீண்டும் பிடித்து, கிளிநொச்சியைக் கடந்து, முறிகண்டியில் இறங்கினோம். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தபின் அம்மா மூன்று சரை கச்சான் வாங்கினார். ஒன்று எமக்கு, ஒன்று வீட்டுக்கு, மற்றது அந்தக் கராச்காரத் தம்பிக்காம்.