ஹெட்போனுக்கு ஆம்ப்ளிஃபையர் வேணுமா? – ஒரு பி.காம் கணக்கு

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த விஷயம் இது. காலேஜ்ல நாலு பேராவது கேட்டுட்டாங்க. "டேய், நல்ல ஹெட்போன் ஒண்ணு வாங்கப் போறேன், அதுக்கு மேட்சா ஆம்ப்ளிஃபையரும் வாங்கணுமாமே, எது வாங்கலாம்?" ஒவ்வொருத்தன்கிட்டயும் அரை மணி நேரம் பேசி தொண்டை வத்துறதுக்கு, மொத்தமா எழுதி வெச்சுடலாம்னு தோணுச்சு. நான் இன்ஜினியரிங் இல்லீங்க, பி.காம். அதனால எலக்ட்ரானிக்ஸ் கம்மியா இருக்கும், கணக்கு ஜாஸ்தியா இருக்கும். பொறுத்துக்கோங்க.

கையில இருந்தது 9000 ரூபாய். சாயங்காலம் ஒரு நூல் கடையில ஜிஎஸ்டி பில் என்ட்ரி போட்டு, எட்டு மாசமா சேர்த்த காசு. கூடப் படிக்கிறவன் ஒருத்தன் சொன்ன யோசனை: "பாதி ஹெட்போனுக்கு, பாதி ஆம்புக்கு. ஆம்ப் இல்லாம நல்ல ஹெட்போன் வாங்குறது, பெட்ரோல் இல்லாம புல்லட் வாங்குற மாதிரி." உவமை நல்லாத்தான் இருக்கு. ஆனா உவமைய நம்பி 4500 ரூபாய் எடுத்து வைக்க முடியாதே.

காஸ்ட் அக்கவுண்ட்ஸ்ல 'கீ ஃபேக்டர்'னு ஒண்ணு சொல்லித் தருவாங்க. ஒரு ஃபேக்டரியில மெஷின் நேரம் பத்தலையா, சரக்கு பத்தலையா, ஆள் பத்தலையா, எது பத்தலையோ அதுதான் கீ ஃபேக்டர். அதை விட்டுட்டு மத்ததுல எவ்வளவு காசைக் கொட்டினாலும் உற்பத்தி ஏறாது. ஆள் இல்லாத கொட்டகையில பத்து தறி கூடுதலா போட்டு என்ன பிரயோஜனம்? அதே கேள்விய நம்ம பாட்டு கேக்குற விஷயத்துலயும் கேக்கணும். எனக்கு எது பத்தலை? ஆம்ப்ளிஃபையரோட பவரா, ஹெட்போனா, இல்ல வேற ஏதாவதா?

முதல்ல பவர்.

மேட்சிங்னா என்னன்னு நம்ம ஊர்ல மைக் செட் போடுற அண்ணன்களுக்கு நல்லாத் தெரியும். ஆம்ப்ளிஃபையர் பின்னாடி 4, 8, 16 ஓம்னு தனித்தனியா முனை இருக்கும். 16 ஓம் குழாய் ரெண்டைப் பக்கத்துப் பக்கத்துல சேர்த்துக் கட்டினா 8 ஓம், அதை 8-ல மாட்டணும். (இது திருச்சுழி கோயில்ல கேக்குற ஓம் இல்லீங்க, மின்தடையோட அளவு.) ஊர்க் கடைசி வரைக்கும் நீளமா வயர் இழுக்கணும்னா 100 வோல்ட் லைனும் டிரான்ஸ்ஃபார்மரும் வேணும். அங்க மேட்ச் தப்பினா குழாயோட யூனிட் போயிடும், இல்ல ஆம்ப் போயிடும். பல வாட் ஓடுற இடம் அது.

ஹெட்போன்ல ஓடுறது வாட் இல்லை, மில்லிவாட். ஆயிரத்துல ஒரு பங்கு. பெட்டிமேல ரெண்டு நம்பர் போட்டிருப்பான். ஒண்ணு எத்தனை ஓம். இன்னொண்ணு சென்சிட்டிவிட்டி, அதாவது 1 மில்லிவாட் கொடுத்தா எத்தனை டெசிபல் சத்தம் வரும்ங்கிறது. இந்த ரெண்டும் தெரிஞ்சா போதும், மிச்சத்தைக் கால்குலேட்டர் பார்த்துக்கும்.

ஒரு உதாரணம். ஜெர்மன் கம்பெனி பெயர்டைனமிக்கோட டிடி 770 ப்ரோ, ஸ்டுடியோவுல ரொம்ப காலமா புழங்குற ஹெட்போன். 32, 80, 250 ஓம்னு மூணு விதமா வருது. சென்சிட்டிவிட்டி 96 டெசிபல். "250 ஓம் வாங்கினா ஆம்ப் கட்டாயம்"னு எல்லாரும் சொல்லுவாங்க. சரி, போட்டுப் பார்ப்போம். 250 ஓம்ல 1 மில்லிவாட் ஓடணும்னா 0.5 வோல்ட் வேணும். ஃபோன்ல மாட்டுற சின்ன டாங்கிள் நல்லதா இருந்தா 1 வோல்ட் கொடுக்கும். வோல்ட் ரெண்டு மடங்கானா பவர் நாலு மடங்கு, அதாவது 6 டெசிபல் கூடுதல். 96-ம் 6-ம் 102. காதுக்குள்ள 102 டெசிபல்! சாதாரணமா நாம பாட்டு கேக்குறது 70, 75-ல. திடீர்னு தவில் அடிச்சா இன்னொரு 20 ஏறும்னு வெச்சுக்கிட்டாலும் 95. அப்பவும் கையிருப்பு மிச்சம்.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. 2016-ல ஐஃபோன் 7 வந்தப்ப ஹெட்போன் ஓட்டைய எடுத்துட்டாங்க. பின்னாடி மத்த கம்பெனிகளும் ஒவ்வொண்ணா எடுத்தாங்க. எல்லாரும் திட்டிக்கிட்டே டாங்கிள் வாங்கினோம். அந்த வயர்த் துண்டுக்குள்ள டிஜிட்டலைப் பாட்டா மாத்துற சிப்பும், ஒரு குட்டி ஆம்ப்ளிஃபையரும் இருக்கு. ஆக, ஆம்ப் வாங்கணுமான்னு கேக்குற பலபேர் ஏற்கெனவே ஒண்ணு வாங்கி பாக்கெட்ல வெச்சிருக்காங்க :-)

அப்ப தனி ஆம்ப் யாருக்குமே வேண்டாமான்னா, அப்படியும் இல்லை. ஹைஃபைமேன் ஹெச்இ-6னு ஒரு ஹெட்போன் இருந்தது. 50 ஓம்தான், ஆனா சென்சிட்டிவிட்டி 83.5 டெசிபல். அதுல 110 டெசிபல் உச்சம் வரணும்னா 450 மில்லிவாட் கிட்ட வேணும். அதை ஸ்பீக்கர் ஓட்டுற ஆம்ப்ல மாட்டிக் கேட்ட ஆளுங்க உண்டு. அந்த மாதிரி கழுத்தைப் பிடிச்சு இழுத்தாத்தான் நகருற மாடு வாங்கினா, ஆம்ப் வாங்கித்தான் ஆகணும்.

சரி, வாங்குறதா இருந்தாலும் விலையப் பார்த்து வாங்கக் கூடாது. 2011-ல பேர் சொல்லாத ஒரு எலக்ட்ரானிக்ஸ் ஆசாமி 'ஆப்ஜெக்டிவ்2'னு ஒரு ஹெட்போன் ஆம்ப்ளிஃபையரை வடிவமைச்சு, சர்க்யூட்டை இலவசமாவே வெளியிட்டார். விலை உயர்ந்த ஆம்ப்கள்ல பலது அளந்து பார்த்தா அதுக்குத் தகுந்த மாதிரி இல்லைங்கிறது அவரோட வாதம். வாய்ல சொல்லாம, மீட்டர் வெச்சு அளந்து எழுதினார். 2012-க்கு அப்புறம் ஆளையே காணோம். அவர் பிரபலமாக்கின ஒரு விதி மட்டும் நின்னுடுச்சு: ஆம்போட அவுட்புட் தடை, ஹெட்போன் ஓம்ல எட்டுல ஒரு பங்குக்குள்ள இருக்கணும். 32 ஓம் ஹெட்போன்னா 4 ஓமுக்குள்ள. மேட்சிங்கிற வார்த்தைக்கு ஹெட்போன் உலகத்துல அர்த்தம் அவ்வளவுதான்: தேவையான வோல்ட், குறைஞ்ச அவுட்புட் தடை. கலர், பிராண்ட், நாடு இதெல்லாம் கிடையாது.

ஆக எனக்குப் பத்தாதது பவர் இல்லை. அப்புறம் எது?

எங்க வீடு அருப்புக்கோட்டையில விசைத்தறித் தெருவுல. காலையில 7 மணிக்கு ஓட ஆரம்பிச்சா ராத்திரி 9 வரைக்கும் ஓடும். நாடா இந்தப் பக்கம் அடிச்சு அந்தப் பக்கம் அடிச்சு, நிமிஷத்துக்கு நூறு தடவைக்கு மேல. தறிக் கொட்டகைக்குள்ள 90 டெசிபலுக்கு மேல போறது சர்வ சாதாரணம். ஃபோன்ல சத்தம் அளக்குற ஆப் போட்டு என் ரூம்ல பார்த்தேன். கதவைச் சாத்தினாலும் 70 கிட்ட காட்டுச்சு. (ஃபோன் ஆப் துல்லியம் கிடையாது, ஒரு குத்துமதிப்புதான்.)

லீவுக்குத் திருச்சுழி பக்கத்துல அம்மாச்சி ஊருக்குப் போவேன். சுத்தி சீமைக்கருவேலங்காடு, நடுவுல வறண்ட கண்மாய். கடைசி பஸ் போயிட்டா அப்புறம் நாய் குரைக்கிற சத்தம் மட்டும்தான். அதே ஃபோன், அதே பழைய இயர்போன், அதே பாட்டு. வீட்ல 15-க்கு 12 புள்ளி வெச்சுக் கேட்டது, அங்க 5 புள்ளியில தெளிவா கேக்குது. தம்புரா, வயலின் இழுப்பு எல்லாம் கேக்குது. காசு ஒரு பைசா செலவில்லாம ஹெட்போன் தரம் ஏறினது அங்கதான். அப்ப என் கீ ஃபேக்டர் எதுன்னு தெரிஞ்சு போச்சு இல்லையா? தறிச் சத்தம்.

70 டெசிபல் சத்தத்துக்கு நடுவுல பாட்டு தெளிவா கேக்கணும்னா அதை 85 கிட்ட வைக்கணும். உலக சுகாதார நிறுவனம் சொல்ற அளவு 80 டெசிபல்னா வாரத்துக்கு 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியா குறையும். 83-ன்னா 20 மணி, 86-ன்னா 10 மணி, 89-ன்னா 5 மணி. நான் ஒரு நாளைக்கு 3 மணி நேரம் கேக்குறவன், வாரம் 21 மணி. 85-ல கேட்டா பட்ஜெட்டுக்கு மேல ஓவர்டிராஃப்ட். ஆம்ப் வாங்கி இன்னும் சத்தமா வெச்சா? கடனை அடைக்கக் கந்து வட்டிக்கு வாங்குற கதைதான்.

பதிலா வெளிச் சத்தத்தை 20 டெசிபல் குறைச்சா, 70 வந்து 50 ஆகும். பாட்டை 65-ல வெச்சாலே போதும். நான் காசு கொடுத்து வாங்க வேண்டியது சத்தத்தை இல்லை, அந்த 20 டெசிபல் அமைதிய.

இதை வெச்சுப் பார்த்தா பட்டியல் தானா சுருங்கிடுச்சு. சென்ஹைசர் ஹெச்டி 600 (1997), ஹெச்டி 650 (2003), ரெண்டும் 300 ஓம், பேர் பெத்த ஹெட்போன்கள். ஆனா ரெண்டும் திறந்த முதுகு. ஜன்னலைத் திறந்து வெச்ச மாதிரி எல்லா தறியும் உள்ள வரும். அதுவே அம்மாச்சி ஊர்ல இருந்தா ராஜா. அடுத்து, காதை முழுசா மூடுற வகை. சத்தத்தைக் கொஞ்சம் தடுக்கும்தான், ஆனா நம்ம ஊர் சித்திரை வெயில்ல மின்விசிறியும் நின்னு போச்சுன்னா அரை மணியில காதுல வேர்வை வழியும், அந்தப் பஞ்சு மேல இருக்கிற ரெக்சின் உரிஞ்சு வரும். நாய்ஸ் கேன்சலிங் வகை, பஸ் இன்ஜின் மாதிரி ஒரே சீரா உறுமுற சத்தத்துக்கு நல்லா வேலை செய்யும். நாடா 'டக் டக்'னு அடிக்கிற அடிக்கு அவ்வளவா எடுபடாது.

மிச்சம் இருந்தது காதுக்குள்ள போற வயர் இயர்போன், அதுவும் மெமரி ஃபோம் நுனியோட. விரல்ல உருட்டி அமுக்கி உள்ள வெச்சா, விரிஞ்சு அடைச்சுக்கும். 2000 ரூபாய்க்குள்ள முடிஞ்சது. மாடல் பேர் சொன்னா விளம்பரம் ஆயிடும், வேண்டாம். டாங்கிள் ஆயிரத்துக்குள்ள. இப்ப வீட்லயே 6 புள்ளியில கேக்குறேன். 9000-ல 6000 சொச்சம் மிச்சம்.

இந்த இடத்துல கட்டுரை முடிஞ்சிருக்கணும். ஆனா அந்தக் காசு எங்க போச்சுன்னு சொல்லணுமே.

இந்த மாதிரி சத்தத்தை அடைச்சுக்கிட்டு கேக்குற இயர்போன் எங்க இருந்து வந்ததுன்னு படிச்சுக்கிட்டு இருந்தேன். அமெரிக்காவுல மீட் கில்லியன்னு ஒருத்தர், 1983-ல எட்டிமோடிக் ரிசர்ச்னு கம்பெனி ஆரம்பிச்சவர். 1991-ல அவங்க கொண்டு வந்த ஈஆர்-4தான் இன்னிக்கு இருக்கிற உயர்தர இன்-இயர் வகைக்கு முன்னோடி. அதே கில்லியன்தான் காது கேக்காதவங்க போடுற மெஷினுக்கு 'கே-ஆம்ப்'னு ஒரு ஆம்ப்ளிஃபையர் வடிவமைச்சவர். பழைய மெஷின் எல்லா சத்தத்தையும் ஒரே மாதிரி தூக்கும். பேச்சும் தூக்கும், பாத்திரம் விழுற சத்தமும் தூக்கும், காது வலிக்கும். இது சின்ன சத்தத்தை மட்டும் தூக்கிட்டு, பெரிய சத்தத்தை அப்படியே விட்டுடும்.

அதைப் படிச்சப்ப அப்பா ஞாபகம் வந்தது. அப்பா 26 வருஷமா அடுத்தவங்க கொட்டகையில தறி ஓட்டுறாரு. நம்ம தொழிற்சாலை விதிப்படி ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல்தான் உச்சவரம்பு. அதை அளக்க எந்தக் கொட்டகையிலயும் மீட்டர் பார்த்ததில்லை. கொஞ்ச வருஷமா டிவி சத்தத்தை ஏத்திக்கிட்டே போறாரு. நாம பேசினா "சத்தம் கேக்குது, என்ன சொல்றேன்னு புரியல"ன்னு சொல்லுவாரு. அம்மா அதை "காதுல வாங்க மாட்டேங்கிறாரு"ன்னு எடுத்துக்கும். இரைச்சலால வர்ற காது பாதிப்பு பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸ் பக்கத்துலதான் தொடங்கும். 'ச', 'த', 'ப' மாதிரி எழுத்துகளைப் பிரிச்சுக் காட்டுற மெல்லிய சத்தம் எல்லாம் அந்த மேல் பக்கம்தான் இருக்கு. உள்காதுல இருக்கிற முடி செல் செத்துப் போனா மறுபடி முளைக்காது. கூட நாலு மடங்கு கத்தினாலும் அது திரும்பாது.

மிச்சக் காசுல அப்பாவை மதுரையில ஒரு காது டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய் ஆடியோகிராம் எடுத்தோம். கோடு நேரா போய்க்கிட்டே இருந்து, 4000-ல கிணறு மாதிரி இறங்கியிருந்தது. மெஷின் வைக்கலாம்னு சொன்னாங்க. அந்தக் கோட்டைப் பார்த்து, எந்த இடத்துல எவ்வளவு தூக்கணுமோ அந்த இடத்துல அவ்வளவு மட்டும் தூக்குற மாதிரி வெச்சுத் தருவாங்களாம். மேட்சிங் ஆம்ப்ளிஃபையர்னா உண்மையில அதுதான்.

அப்பா இன்னும் ஒத்துக்கல. "காதுல மெஷினோட கொட்டகைக்குப் போனா சிரிப்பானுங்க"ங்கிறாரு. அதுக்கும் காசு சேர்க்கணும், நான் சேர்த்துக்கிட்டு இருக்கேன். அதுவரைக்கும் என் இயர்போன்ல இருக்கிற அதே ஜாதி ஃபோம்ல காதடைப்பான் ஒரு டப்பா வாங்கிக் கொடுத்தேன், ஜோடி இருபது ரூபாய்க்குள்ள. முதல்ல "நூல் அறுந்தா தறி சத்தம் மாறும், அதைக் கேக்கணும்ல"ன்னு மறுத்தாரு. 95 டெசிபல்ல 20 போனாலும் 75 மிச்சம் இருக்குப்பா, தறி நல்லாவே கேக்கும்னு கணக்குப் போட்டுக் காட்டினேன். ரெண்டு நாள் வெச்சுப் பார்த்துட்டு, "ஆமா, கேக்கத்தான் செய்யுது"ன்னாரு. இப்ப தினமும் சட்டைப் பையில எடுத்துட்டுப் போறாரு.

ஆக மக்களே, ஹெட்போன் வாங்குறதுக்கு முன்னாடி பெட்டிமேல இருக்கிற ரெண்டு நம்பரைப் பாருங்க, நீங்க உக்கார்ந்து கேக்குற இடத்தோட சத்தத்தைப் பாருங்க, அப்புறமா ஆம்ப் வேணுமான்னு முடிவு பண்ணுங்க. வீட்ல யாராவது டிவி சத்தத்தை ஏத்திக்கிட்டே போனா, திட்டுறதுக்கு முன்னாடி ஒரு ஆடியோகிராம் எடுத்துப் பார்த்துடுங்க.